தண்ணி மாதிரி இருந்த கண்ணாடி: இரண்டு பழைய 24 மி.மீ. நிக்கோர் லென்ஸ்களின் கதை

போன வருடம் ஆடி மாதக் கடைசியில் ஒரு பழைய நிக்கோர் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் வாங்கினேன். நிக்கானின் ஏஐ-எஸ் வகை, கையால் ஃபோகஸ் செய்வது. 24 மி.மீ. என்பது குவியத் தூரம், அது குறையக் குறையப் படத்தில் அதிக அகலம் அடங்கும். எஃப் எண் ஒளி நுழையும் துவாரத்தின் அளவு, எண் சின்னதாக இருந்தால் துவாரம் பெரிது. விலை 12,500 ரூபாய். கண்ணாடியில் தூசி இல்லை, பூஞ்சை இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் எடுத்த முதல் பத்துப் படத்திலேயே இடது பக்கம் முழுக்கக் குழைந்து கிடந்தது. அதே நாளில், அதே மேசையில், தூசியும் பெயின்ட் உதிர்வுமாக இன்னொரு 24 மி.மீ. லென்ஸ் இருந்தது. அதை 9,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். நான் அதை ஒரு நிமிடம்கூடக் கையில் வைத்திருக்கவில்லை.

பழைய லென்ஸ் வாங்குவதைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் கண்ணாடி சுத்தமா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். 50 மி.மீ. லென்ஸுக்கு அந்தக் கேள்வி ஏறக்குறைய போதும். 24 மாதிரி அகலமாகப் பிடிக்கும் வைட் ஆங்கிளுக்குப் போதாது. அதை இந்த இரண்டு லென்ஸும் எனக்குக் காட்டிக்கொடுத்த விதத்தைத்தான் முழுசாக எழுதுகிறேன்.

எதற்கு 24 என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளைப் படமெடுப்பது என் வேலை இல்லை, ஆனால் பதினைந்து வருடமாக விடாமல் செய்கிறேன். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருக்கின்றன. ரேழியில் நின்று முற்றத்தையும் சுற்றுத் தாழ்வாரத்தையும் ஒரே படத்தில் பிடிக்க 35 மி.மீ. பத்தாது, பின்னால் நகர இடமில்லை, முதுகு சுவரில் இடிக்கும். பழைய ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. போட்டால் மூலைக்கு மூலை 84 டிகிரி கிடைக்கும். தூண்கள் படத்தின் ஓரத்தில் வருவதால் ஓரம் தெளிவாக இருந்தே ஆக வேண்டும். புது லென்ஸ் வாங்க என் கையில் பணமில்லை. வீடுகள் ஓடாது என்பதால் ஆட்டோ ஃபோகஸும் எனக்குத் தேவையில்லை.

கண்ணாடிக்கு வழிவிட்ட கண்ணாடி

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மேலும் கீழும் ஆடுகிறது. அதற்கு இடம் விட வேண்டும். நிக்கான் எஃப் மவுண்ட்டில் லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. அந்த இடத்தில் 50 மி.மீ. லென்ஸ் சுலபமாக உட்கார்ந்துவிடும். 24 மி.மீ. லென்ஸைச் சாதாரண முறையில் செய்தால் அது ஃபிலிமுக்கு மிக அருகில் போய் உட்கார வேண்டும், ஆடும் கண்ணாடி அதில் இடிக்கும். ஆகவே முன்னால் ஒளியை விரிக்கும் ஒரு குழுவும் பின்னால் அதைக் குவிக்கும் ஒரு குழுவும் வைத்து, குறைந்த குவியத் தூரத்தையும் அதிக இடைவெளியையும் ஒன்றாகச் சாதித்தார்கள். 1950இல் பிரான்சில் ஆன்ஜெனியு நிறுவனம் ஸ்டில் கேமராவுக்காக இப்படிச் செய்த 35 மி.மீ. எஃப் 2.5 லென்ஸுக்கு ரெட்ரோஃபோகஸ் என்று பெயர் வைத்தது. பிறகு அந்தப் பெயரே இந்த வகை லென்ஸ் எல்லாவற்றுக்கும் நிலைத்துவிட்டது.

இந்த அமைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. முன்பாதியும் பின்பாதியும் ஒன்றுக்கொன்று ஒத்த வடிவில் இல்லாததால், தூரத்துக்குச் சரிசெய்த லென்ஸ் கிட்டத்தில் வந்தால் மூலைகளில் தடுமாறும். 1967இல் நிக்கான் வெளியிட்ட நிக்கோர்-என் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ்தான் அந்த நிறுவனத்தில் இதற்கு மருந்தோடு வந்த முதல் லென்ஸ். ஃபோகஸ் மோதிரத்தைத் திருப்பும்போது மொத்தக் கண்ணாடியும் ஒரே அளவில் நகராமல், ஒரு குழு மட்டும் வேறு வேகத்தில் நகரும். சி.ஆர்.சி. என்று அதற்குப் பெயர். பெயரில் உள்ள ‘என்’ ஒன்பதைக் குறிக்கும். அந்தக் காலத்தில் நிக்கான் லென்ஸுக்குள் எத்தனை கண்ணாடி என்பதை லத்தீன், கிரேக்க எண்களின் முதலெழுத்தால் குறிப்பார்கள். ஆறு என்றால் ‘ஹெச்’, ஏழு என்றால் ‘எஸ்’, ஒன்பது என்றால் ‘என்’.

ஒன்பது கண்ணாடி, அதில் ஒரு குழு தனி வேகத்தில் ஓடுகிறது. இப்படிப்பட்ட ஒன்றைத் திறந்து, துடைத்து, மூடினால், திறக்கும் முன் எது எங்கே உட்கார்ந்திருந்தது என்று குறித்துவைக்காதவர் கையில் அது பழையபடி வராது. கண்ணாடி பளபளக்கும். படம் எப்படி வரும் என்பது தெரியாது.

மேசையில் நடந்தது

விற்றவர் இளைஞர். பழைய கேமராக்களை வாங்கி விற்பவர். மேசையில் துணி விரித்து இரண்டு 24ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “சார், இதைப் பாருங்க, தண்ணி மாதிரி இருக்கு” என்று முதலாவதைக் கையில் கொடுத்தார். நான் வழக்கமாகச் செய்வதை எல்லாம் செய்தேன். ஒளி நுழையும் துவாரமான அபர்ச்சரை முழுசாகத் திறந்து, செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்த்து அடித்துப் பார்த்தேன். வெள்ளை நூல் மாதிரி படர்ந்தால் பூஞ்சை, பால் கலங்கியது போலிருந்தால் எண்ணெய்ப் புகை படிந்த மங்கல், ஓரத்தில் வானவில் வட்டம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடி பிரிந்துகொண்டிருக்கிறது. ஒன்றுமே இல்லை. மவுண்ட் பக்கம் இருக்கும் சின்ன நெம்பியைத் தட்டி விட்டேன். இலைகள் டக்கென்று மூடித் திறந்தன, எண்ணெய்ப் பசை இல்லை. அபர்ச்சர் மோதிரத்தில் கடைசி எண்ணான 22 ஆரஞ்சு நிறத்தில் இருந்ததால் ஏஐ-எஸ் என்பதும் உறுதி.

இன்னும் இரண்டைப் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. மவுண்ட்டைப் பிடித்திருந்த திருகுகளில் இரண்டின் தலை மட்டும் கறுப்பு போய் வெள்ளியாக மின்னியது; கூட்டல் குறிப் பள்ளத்தின் ஓரம் சற்று மழுங்கியிருந்தது. ஜப்பான் லென்ஸ்களில் இருக்கும் கூட்டல் குறித் திருகு அவர்களுடைய தனி அளவில் செய்தது. நம்மூர்க் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். அடுத்தது, லென்ஸின் முன்னால் பெயர் எழுதிய வளையத்துக்கு உட்புறம் மயிரிழை அளவில் ஒரு கோடு. நாற்பது வருடத்துக் கண்ணாடி இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, யார் சுத்தம் செய்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். சென்னைக் காற்றில் அலமாரியில் சும்மா இருந்த லென்ஸ் இப்படி இருப்பது அபூர்வம்.

இரண்டாவது லென்ஸில் ஃபோகஸ் மோதிரத்தின் மேடுகளில் கறுப்புப் பெயின்ட் போய் உலோகம் தெரிந்தது. உடம்பில் யாரோ ஊசியால் இரண்டு எழுத்து கீறியிருந்தார்கள். டார்ச் அடித்தால் உள்ளே தூசி நட்சத்திரம் மாதிரி தெரிந்தது. ஆனால் எல்லாத் திருகுகளும் கறுப்பாக, ஒரே மாதிரி இருந்தன. அந்த லென்ஸை யாரும் திறந்ததில்லை.

மாடியில்

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் எதிரே நூறு மீட்டருக்கு அப்பால் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று நீளமாக நிற்கிறது. ஜன்னல் கம்பி, துணிக் கொடி, ஏ.சி. பெட்டி, தண்ணீர்க் குழாய் என்று நுணுக்கமான கோடுகள் அகலம் முழுக்க இருப்பதால் லென்ஸைச் சோதிக்க இதைவிட நல்ல சுவர் கிடையாது. வீட்டுச் சுவரில் செய்தித்தாளை ஒட்டிச் சோதிப்பதை நான் விட்டுவிட்டேன். இரண்டு மீட்டர் தூரத்தில் கேமரா சற்றே கோணலாக நின்றாலும் ஒரு பக்கம் குழையும், பழி லென்ஸ் மேல் விழும். நூறு மீட்டரில் அந்தப் பயம் இல்லை.

எஃப் 2.8இல், முக்காலியில் வைத்து, நடுவில் ஃபோகஸ் செய்து எடுத்தேன். நடுவில் துணிக் கொடியில் போட்டிருந்த கிளிப்பைக்கூட எண்ணலாம். வலது மூலையில் ஜன்னல் கம்பிகள் கொஞ்சம் மென்மையாக, ஆனால் தனித்தனியாகத் தெரிந்தன. அது 24 மி.மீ. லென்ஸுக்கு இயல்பு. இடது மூலையில் கம்பியே இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. எஃப் 8 வைத்தபோது வலது மூலை நன்றாகத் தெளிந்துவிட்டது, இடது மூலை எஃப் 11இலும் பாதி வழியில் நின்றது.

அப்புறம் கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து அதே கட்டடத்தை எடுத்தேன். படத்தில் இப்போது இடது பக்கம் வருவது கட்டடத்தின் மறுமுனை. அப்போதும் படத்தின் இடது பக்கம்தான் குழைந்தது. கட்டடம் தப்பித்தது. குற்றம் கேமராவிலோ, நிக்கான் லென்ஸை அதில் மாட்ட இடையில் போடும் வளையமான அடாப்டரிலோ, லென்ஸிலோ இருக்கிறது.

அடாப்டர் மேல் சந்தேகம்

எனக்கு முதலில் அடாப்டர் மேல்தான் சந்தேகம் வந்தது. என் கேமரா சோனி, அதன் மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை 18 மி.மீ. நிக்கான் லென்ஸுக்கு 46.5 வேண்டும். மீதி 28.5 மி.மீ. தான் அடாப்டரின் தடிமன். மலிவு அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு மயிரிழை குறைவாகச் செய்வார்கள். அதிகமாகிவிட்டால் தூரத்துப் பொருள் ஃபோகஸுக்கே வராது, வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். குறைவாக இருந்தால் மோதிரம் ∞ குறியைத் தொடும் முன்பே தூரம் தெளிவாகிவிடும், யாரும் கவனிப்பதில்லை.

வைட் ஆங்கிளில் இந்த மயிரிழை பெரிய விஷயம். கணக்கு எளிது: குவியத் தூரத்தை அதாலேயே பெருக்கி, பிசகிய அளவால் வகுத்தால் போதும். அடாப்டர் 0.1 மி.மீ. குறைவு என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் 2500ஐ 0.1ஆல் வகுத்தால் 25 மீட்டர். மோதிரத்தில் 25 மீட்டரும் ∞உம் ஏறக்குறைய ஒரே இடம்தான், தெரியாது. 24 மி.மீ. லென்ஸில் 576ஐ 0.1ஆல் வகுத்தால் 5.76 மீட்டர். அதாவது தொலைதூரத்தை எடுக்க மோதிரத்தை ஆறு மீட்டர் வாக்கில் நிறுத்த வேண்டும். சி.ஆர்.சி. உள்ள லென்ஸில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. மோதிரம் ஆறு மீட்டரில் நின்றால், தனியே நகரும் குழுவும் ஆறு மீட்டருக்கு உரிய இடத்தில்தான் நிற்கும். படமெடுப்பதோ தொலைதூரம். மூலைகளின் தெளிவு அதில் கொஞ்சம் போகும்.

பழைய பட்டறை ஒன்றில் வெர்னியர் காலிபர் வாங்கி நான்கு இடத்தில் அளந்தேன். நான்கிலும் 28.4. குறைவு உண்மைதான், ஆனால் சுற்றிலும் ஒரே அளவு, சாய்வு இல்லை. உறுதிசெய்ய அதே அடாப்டரில் என் 50 மி.மீ. எஃப் 1.8ஐப் போட்டு, முழுசாகத் திறந்து, அதே கட்டடத்தை எடுத்தேன். இடமும் வலமும் ஒன்றுபோல் இருந்தன. அடாப்டரோ சென்சாரோ சாய்ந்திருந்தால் இந்த லென்ஸிலும் ஒரு பக்கம் காட்டிக்கொடுத்திருக்கும்.

0.1 மி.மீ. குறைவுக்கு 24 மி.மீ. லென்ஸ் ஆறு மீட்டர் வாக்கில் தூரத்தைப் பிடிக்க வேண்டும் இல்லையா? நான் வாங்கியது இரண்டு மீட்டர் வாக்கிலேயே பிடித்தது. கணக்கைத் திருப்பிப் போட்டால் மொத்தப் பிசகு 0.29 மி.மீ. அடாப்டரின் பங்கு 0.1 போக, மீதி கிட்டத்தட்ட 0.2 மி.மீ. லென்ஸுக்குள்ளேயே இருந்தது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்த ராத்திரிதான் அந்த வெள்ளித் திருகுகள் ஞாபகத்துக்கு வந்தன.

பாயின் மேசை

விற்றவரைக் கூப்பிட்டேன். “சார், என்கிட்ட வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு, நான் தொறக்கல” என்றார். நான் நம்புகிறேன், இந்த லென்ஸ்கள் நாலு கை மாறித்தான் வருகின்றன. திருப்பி எடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. பல வருடமாக எனக்குத் தெரிந்த கேமரா ரிப்பேர் பாய் ஒருவரிடம் எடுத்துப் போனேன்.

பாய் லென்ஸை வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை. முதலில் திருகைப் பார்த்தார். “தம்பி, இதை ஏற்கெனவே ஒருத்தர் தொறந்திருக்கார், அவசரத்துல தொறந்திருக்கார்” என்றார். ரப்பர் மூடி ஒன்றை முன்பக்கம் அழுத்தித் திருகிப் பெயர் வளையத்தைக் கழற்றினார். அதற்குக் கீழே முன்கண்ணாடிக் குழுவைப் பிடித்து வைக்கும் வளையம். அதைத் திருப்ப இரண்டு சின்னப் பள்ளங்கள், இரண்டின் ஓரமும் பிய்ந்திருந்தன. வளையத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டச் சொன்னார். ஒரு பக்கம் விளிம்போடு சமமாக இருந்தது, எதிர்ப்பக்கம் ஒரு மரை அளவு மேலே நின்றது. வளையம் கோணல் மரையில் ஏறி, அப்படியே இறுக்கப்பட்டிருக்கிறது. அதற்கடியில் இருந்த கண்ணாடியும் அதோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. நான் மாடியில் பார்த்த சாம்பல் திட்டு அதுதான். கண்ணாடி விளிம்பில் துடைத்த திரவம் காய்ந்த கறை இருந்தது. பூஞ்சையை எடுக்கத்தான் திறந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருந்தது. ஃபோகஸ் மோதிரத்தை உள்மரையோடு பிணைக்கும் சின்னத் திருகுகளைத் தளர்த்தி, திரும்ப இறுக்கும்போது ∞ எங்கே என்று படம் பார்த்துச் சரிபார்க்காமல் உத்தேசமாக இறுக்கிவிட்டார்கள். அந்த 0.2 மி.மீ. இங்கேதான். “உள்மரையைக் கழட்டாம விட்டாரே, அதுவே பெரிசு” என்றார் பாய். அந்த மரையில் ஏறுவதற்குப் பல வாய்கள் உண்டு, அதில் ஒன்றுதான் சரி. பாய் எதையும் கழற்றும் முன் ஊசியால் ஒரு கோடு கிழித்துக்கொள்வார். அந்தக் கோடு இல்லாமல் கழற்றியவர் ஒவ்வொரு வாயாக முயன்று பார்க்க வேண்டியதுதான்.

முன்குழுவை எடுத்து, மரையைப் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்து, வளையத்தை முதலில் எதிர்த்திசையில் சுற்றினார். மரையின் வாய் விழும் இடத்தில் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டது. அங்கிருந்து விரல் நுனியால் ஏற்றினார், கருவியைக் கடைசிச் சுற்றில்தான் தொட்டார். பிறகு கண்ணாடி மேல் மெதுவாக ஊதிக் காட்டினார். மூச்சின் ஈரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படியவில்லை. ஓரத்தில் பெரணி இலை வடிவில் ஒரு திட்டு சீக்கிரமே உலர்ந்தது. பூஞ்சை போய்விட்டது, ஆனால் அது சுரந்த அமிலம், பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடி மேல் பூசியிருக்கும் கோட்டிங்கைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அதற்கு வைத்தியம் இல்லை.

கூலி 2,500 ரூபாய். ஆக மொத்தம் 15,000. மாடியில் திரும்ப எடுத்தபோது இடது மூலையில் கம்பிகள் வந்துவிட்டன. வலது பக்கத்துக்கு ஒரு படி கம்மிதான், ஆனால் எஃப் 8இல் வித்தியாசம் தேடினால்தான் தெரியும். எதிர்வெயிலில் எடுத்தால் படத்தின் மேல் லேசாக ஒரு வெளுப்பு வரும்.

இரண்டாவது லென்ஸ்

அடுத்த வாரம் கேமரா, அடாப்டர் சகிதம் அதே இளைஞரிடம் போனேன். தூசி லென்ஸ் இன்னும் விற்காமல் இருந்தது. “வெளியே போய் நாலு படம் எடுத்துப் பார்க்கலாமா?” என்றேன். தாராளமாக எடுங்கள் என்றார். தெருக்கோடியில் தெரிந்த ஒரு வணிக வளாகத்தை, கேமராவை நேராகவும் கவிழ்த்தும் எஃப் 2.8இல் எடுத்தேன். கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான்கு மூலையும் ஒரே அளவில் மென்மையாக இருந்தன, எஃப் 5.6இல் நான்கும் சேர்ந்து தெளிந்தன. மோதிரம் ஆறு மீட்டர் வாக்கில் தூரத்தைப் பிடித்தது. என் அடாப்டருக்குக் கணக்குப்படி எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கேயே. 8,500 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே இருக்கும் தூசி இதுவரை எந்தப் படத்திலும் வரவில்லை.

வேறு லென்ஸ் தேடுபவர்களுக்கும் இது பொருந்தும். ஒலிம்பஸ் ஓஎம் 24 மி.மீ. எஃப் 2.8 உள்ளங்கையில் அடங்கும், 49 மி.மீ. ஃபில்டர்தான் போடும். மினோல்டாவின் 24 மி.மீ. எஃப் 2.8 வடிவமைப்பை லைக்கா தன் எல்மரிட்-ஆர் 24க்கு எடுத்துக்கொண்டது. கேனன் எஃப்.டி. லென்ஸ்களின் மவுண்ட் தூரம் 42 மி.மீ., கேனனின் பிற்கால இ.ஓ.எஸ். கேமராக்களுக்கு 44. இதனால் எஃப்.டி. லென்ஸை அதில் போட்டால், இடையில் கூடுதல் கண்ணாடி இல்லாமல் தொலைதூரம் ஃபோகஸுக்கு வராது. ஆடும் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்த பிறகுதான் அவற்றுக்கு வழி பிறந்தது. நிக்கானில் 28 மி.மீ. எஃப் 2.8 என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஏஐ-எஸ் வகை 0.2 மீட்டர் வரை கிட்டே போகும், சி.ஆர்.சி. உண்டு. முந்தைய ஏஐ வகையும் சீரிஸ்-இ வகையும் 0.3 மீட்டரோடு நின்றுவிடும். விற்பவர் பெயரை எப்படிச் சொன்னாலும், ஃபோகஸ் மோதிரத்தில் மிகக் குறைந்த தூர எண் 0.2ஆ 0.3ஆ என்று பாருங்கள். எதை எடுத்தாலும் திருகுத் தலையைப் பார்த்துவிட்டு, கேமராவில் போட்டுத் தூரத்துக் கட்டடம் ஒன்றை எடுத்துவிட்டுப் பணம் கொடுங்கள். இணையத்தில் தூரத்திலிருந்து வாங்குவதென்றால் இரண்டு மூலையும் தெரியும்படி எஃப் 2.8இல் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதோடு மவுண்ட்டின் கிட்டப் படம் ஒன்றும் கேளுங்கள். கண்ணாடியை டார்ச் அடித்து எடுத்த படத்தை அவர்களே அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு லென்ஸையும் இப்போது 45 சதவீத ஈரப்பதத்தில் டிரை கேபினட்டில் வைத்திருக்கிறேன். முதலாவதை விற்க மனம் வரவில்லை. அதன் குறையைச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள், சொல்லாமல் விற்க என்னால் முடியாது. போன மார்கழியில் அக்கா மகள் கேட்டாள். அவளுடைய கேமரா சின்ன சென்சார், அதில் இந்த லென்ஸ் 36 மி.மீ. மாதிரி வேலை செய்யும், மூலைகள் படத்துக்கு வெளியே போய்விடும். பெட்டிக்குள் ஒரு சீட்டில் முன்கண்ணாடி ஒருமுறை சாய்ந்து சரிசெய்யப்பட்டது, கோட்டிங்கில் ஒரு திட்டு உண்டு, எதிர்வெயிலில் கையால் நிழல் கொடு என்று எழுதி வைத்துக் கொடுத்தேன். “மாமா, இது எவ்வளவு கிட்டப் போகும்?” என்று கேட்டாள். 0.3 மீட்டர் என்றேன். மறுநாள் விடிகாலையில் வாசலில் மண்டியிட்டு, அவள் பாட்டி புள்ளி வைக்கும் விரலை எடுத்து அனுப்பியிருந்தாள். மாவு விழும் நொடி, பின்னால் தெரு முழுக்க.